பெட்ரோல் குழாய்க்கு மேலே

ஏற்காட்டில் ஜீப் ஓட்டுகிறவர்களில் அம்மாசியிடம் ஒரு தடவையாவது அடி வாங்காதவர்கள் குறைவு. ஆனாலும் வண்டியில் ஒயர் கோளாறு என்றால் அவனுடைய தகரக் கடைக்குத்தான் வருவார்கள். அவன் கை பட்ட ஒயர் மறுபடி மக்கர் பண்ணாது என்பது மலை முழுக்கத் தெரிந்த சங்கதி. வந்தவன் தானாக எதையாவது இழுத்துக் கட்டியிருந்தால்தான் வம்பு. பாட்டுப் பெட்டிக்கு இழுத்த ஒயரை டீசல் குழாயோடு சேர்த்துச் சுற்றியிருப்பான். அம்மாசி பானெட்டைத் தூக்கிப் பார்ப்பான். திரும்பி, டிரைவரின் கன்னத்தில் ஒன்று விடுவான். அதற்கப்புறம்தான் ஸ்குரூ டிரைவரை எடுப்பான்.

நாற்பத்தாறு வயது. கட்டையான உடம்பு, அகலமான உள்ளங்கை. இடது முழங்கைக்குக் கீழே தோல் சுருங்கி, வெந்த கிழங்கு போல வெளிறிக் கிடக்கும். அந்தத் தழும்பு அவனுடைய இருபத்தோராம் வயதில் வந்தது.

அப்போது அவனுடைய அண்ணன் காளியப்பன் நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் பெட்ரோல் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தான். பனிமூட்டத்தில் பாதை தெரியவில்லை என்று முன்னால் மஞ்சள் விளக்கு இரண்டு மாட்டச் சொன்னான். தொழில் கற்றுக்கொண்டிருந்த தம்பிதான் மாட்டினான். ஒயரை எந்த வழியாகக் கொண்டுபோவது என்று பார்த்தபோது பெட்ரோல் குழாய் நேராக, வசதியாகப் போனது. அதோடு சேர்த்துக் கட்டிவிட்டான். அரை மணி நேர வேலை. ஒன்பதாம் நாள் காலையில், காபி மூட்டையோடு இறங்கும்போது பானெட்டுக்குள்ளிருந்து புகை வந்தது. காளியப்பன் பிரேக்கை மிதித்தான். வண்டி பாதையோர மண்கரையில் மோதியது. முன் தகடு நசுங்கி அவனுடைய வலது கால் பெடலுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. தீ உள்ளே ஏறியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாசி குதித்துவிட்டான். திரும்பி ஓடிப்போய் அண்ணனின் கையைப் பிடித்து இழுத்தான். ஆள் வரவில்லை. தோல்தான் வந்தது. "இழுடா, இழுடா" என்று கத்திக்கொண்டிருந்த குரல் எப்போது நின்றது என்று அம்மாசிக்குத் தெரியாது. பின்னால் வந்த பஸ்காரர்கள்தான் அவனைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள்.

பழைய வண்டி, பத்திக்கொண்டது என்று எஸ்டேட்டில் எழுதி முடித்துவிட்டார்கள். ஒயரைக் கட்டியது யார் என்று யாரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. அதற்கடுத்த வருடத்திலிருந்துதான் அவன் கை நீள ஆரம்பித்தது.

கல்யாணமான மூன்றாம் வருடம் அந்தக் கை பெண்டாட்டி மேலும் விழுந்தது. சென்னம்மாள் மாரமங்கலத்துக்காரி, எஸ்டேட்டில் காபிப் பழம் எடுக்கிறவள். உதட்டில் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னொருக்கா என்ற மேல கை பட்டா இந்த ஊட்டுல நான் இருக்க மாட்டனுங்க. இப்பயும் போறேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். எட்டு மாதம் கழித்துத்தான் வந்தாள். அதற்கப்புறம் அவள் மேல் அவன் கை வைக்கவில்லை. ஊரார் மேல் வைப்பதை நிறுத்தவுமில்லை.

இப்படிப்பட்டவனைத் தேடி ஒரு அக்டோபர் மாதம் ஜோஸ்லின் வந்தார். ஐம்பத்திரண்டு வயதுப் பெண்மணி. வளைகுடா நாட்டில் ஒரு விமானப் பட்டறையில் இருபது வருடம் வேலை பார்த்துவிட்டு, நாகலூரில் அப்பா விட்டுப்போன சின்ன காபி எஸ்டேட்டுக்குத் திரும்பி வந்தவர். எஸ்டேட்டில் காபிப் பழத்தைத் தோலுரிக்கும் பழைய பல்பர் ஷெட்டில் அவரும் தம்பி கிறிஸ்டோவும் சேர்ந்து இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பது பஜாரில் சிரிப்புக்கான விஷயமாக இருந்தது. கிறிஸ்டோ விமானம் ஓட்ட லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தான். அக்கா கட்டுவது, தம்பி ஓட்டுவது என்று ஏற்பாடு. தகடு வேலை முடிந்து ஒயரிங் வரும்போது ஜோஸ்லினுக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கிக்கொண்டது. குறுகின இடத்தில் கையை விட்டு ஒயர் முனையில் லக் என்கிற செப்பு வளையத்தை வைத்து அழுத்த அவரால் முடியவில்லை.

"என்ற ஜீப்புக்கு ஒயரிங் பண்ணுனது நீங்கதானுங்களா?" என்று கேட்டார். "பானெட்டைத் தொறந்து பாத்தேன். ஒவ்வொரு ஓட்டைக்கும் ரப்பர் புஷ் போட்டிருக்கறீங்க. யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"யாரும் சொல்லலீங்க" என்றான் அம்மாசி.

ஷெட்டுக்குள் போய்ப் பார்த்தபோது அவனுக்கு மலைப்பாக இருந்தது. சக்கரத்தின் மேல் நின்ற அந்த அலுமினியக் கூடு, ஒரு மினி வேன் அளவுகூட இல்லை. இருக்கைக்குப் பின்னால் பேட்டரி. முன்னால் எஞ்சின். மேலே இறக்கையில் பெட்ரோல் டேங்க். அங்கிருந்து கதவோரமாக இறங்கி, இடது பக்கச் சுவரை ஒட்டி எஞ்சினுக்குப் போனது குழாய். அந்தக் குழாயைப் பார்த்ததும் அவன் கை தானாக இடது முழங்கைத் தழும்புக்குப் போனது. ஆனாலும் வேலையை ஒத்துக்கொண்டான்.

ஐந்து நாளில் இடது பக்க ஒயர்க் கட்டு முழுவதையும் போட்டு முடித்தான். குழாயை விட்டு நான்கு விரல் தள்ளி, அதற்குக் கீழே, சாணுக்கு ஒரு கிளாம்ப் வைத்து, பார்க்கவே அழகாக இருந்தது. ஜோஸ்லின் வந்து குனிந்து பார்த்தார். கட்டரை எடுத்தார். ஒவ்வொரு கிளாம்ப்புக்கும் நடுவில் வெட்டிக்கொண்டே போனார். ஐந்து நாள் வேலை துண்டு துண்டாகத் தரையில் விழுந்தது.

அம்மாசிக்குக் கண் இருட்டியது. அவன் கை தலைக்கு மேலே போய்விட்டது. ஜோஸ்லின் நகரவில்லை. வீங்கிய விரல்களில் கட்டரைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தார்.

"அடிக்கறதுன்னா அடிங்க. அடிச்சுப்போட்டு, பெட்ரோல் ஒழுகுனா மேல போகுமா கீழ சொட்டுமான்னு எனக்குச் சொல்லிட்டுப் போங்க."

கை அந்தரத்திலேயே நின்றது. மூட்டில் ஒரு சொட்டு கசிந்தால் அது நேராக அவன் போட்ட கட்டின் மேல்தான் விழும். அவனுக்கு அது தெரியாமல் போனதுதான் தாங்க முடியவில்லை. கையை இறக்கி ஷெட்டின் தகரச் சுவரில் ஓங்கிக் குத்தினான். விரல் முட்டியிலிருந்து ரத்தம் சொட்டியது.

"குழாய்க்கு மேல போவோணும்" என்றார் ஜோஸ்லின், ஒன்றும் நடக்காத மாதிரி. "மேல போறதும் பத்தாது. எங்கயும் உரசக் கூடாது. ஜீப்புல ஒயரு பத்துனா எறங்கி ஓடலாமுங்க. இதுல எறங்கறதுக்கு எடமில்ல."

அதற்குப் பிறகு இருவரும் சண்டை போட்டுக்கொண்டேதான் வேலை பார்த்தார்கள். அவர் ஒவ்வொரு லக்கையும் இழுத்துப் பார்க்கச் சொன்னார். அதிரும் இடத்தில் ஈயம் வைத்துப் பற்றவைக்கக் கூடாது, அந்த இடத்தில்தான் ஒயர் ஒடியும் என்றார். ஓட்டும் கோலிலிருந்து வால் பக்கம் போகிற இரும்புக் கம்பிகளின் அருகில் ஒயர் வரவே கூடாது என்றார். பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்திலேயே அதன் மின்சாரத்தைத் துண்டிக்கும் ரிலேயை வைக்கச் சொன்னார். முன்னாலிருக்கும் மெயின் ஸ்விட்சைத் தட்டினால், அந்த ஒரு சாணைத் தாண்டி எந்த ஒயரிலும் உயிர் இருக்கக் கூடாது. அம்மாசி முனகிக்கொண்டே செய்தான். செய்த பிறகு தடவித் தடவிப் பார்ப்பான். பிள்ளையின் தலையைத் தடவுகிற மாதிரி இருக்கும் அது. அவனுக்குப் பிள்ளை இல்லை.

கிறிஸ்டோவுக்குப் பொறுமை கிடையாது. நாற்பத்தாறு வயதிலும் எதுவும் நாளைக்கே நடக்க வேண்டும். தான் பறப்பதைப் படம் பிடிக்க ஒரு கேமரா வைக்க வேண்டும் என்று ஆசை. அக்காவிடம் கேட்டால் வரைபடம் போடு, ஃபியூஸ் போடு என்பார். நவம்பர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் இல்லாதபோது அவனே இருக்கைக்கு அடியில் ஒரு ஒயரை இழுத்து, வழியில் இடது சுவரில் போன பெட்ரோல் குழாயோடு நாலு பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கிவிட்டான்.

திங்கட்கிழமை காலை அம்மாசி இருக்கைக்கு அடியில் கையை விட்டான். தான் போடாத ஒயர் ஒன்று விரலில் தட்டியது. டார்ச் அடித்துப் பார்த்தான், கேமராவுக்குப் போனது. தகட்டு விளிம்பில் மடங்குகிற இடத்தில் ஒயரின் மேல்தோல் அதற்குள்ளேயே சிராய்த்திருந்தது.

வெளியே களத்தில் காபி காய்ந்துகொண்டிருந்தது. கிறிஸ்டோ டீ குடித்தபடி ஆட்களிடம் பேசிக்கொண்டிருந்தான். அம்மாசி நடந்துபோனான். முதல் குத்து டீ டம்ளரோடு சேர்ந்து வாயில் விழுந்தது. இரண்டாவது குத்தில் தாடை எலும்பு உடையும் சத்தம் களத்தின் மறு கோடியில் நின்றவர்களுக்கே கேட்டதாம். கிறிஸ்டோ மல்லாந்து விழுந்தான். அம்மாசி நிறுத்தவில்லை. விலாவில் உதைத்தான். மறுபடி உதைத்தான். காபிக் கொட்டைகள் ரத்தத்தில் ஒட்டி உருண்டன. இரண்டு ஆட்கள் இடுப்பைப் பிடித்தார்கள், உதறித் தள்ளினான். எதையோ கத்திக்கொண்டிருந்தான். "காலை எடு, காலை எடு" என்று கத்தியதாக அங்கே நின்ற பெண்கள் பிறகு சொன்னார்கள். யாருடைய காலை என்று யாருக்கும் புரியவில்லை.

ஜோஸ்லின் ஷெட்டிலிருந்து ஒரு அலுமினியக் குழாயை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். அம்மாசியின் தோளில் வீசினார். மறுபடியும் வீசினார். மூன்றாவது அடி பிடரியில் விழுந்ததும் அவன் முழங்காலிட்டு உட்கார்ந்தான்.

"ஒயரைப் பாருங்க" என்றான் மூச்சு வாங்க. "போய் ஒயரைப் பாருங்க."

தம்பியை ஜீப்பில் ஏற்றி சேலத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் அவர் போய்ப் பார்த்தார். டேக்குகளை வெட்டி அந்த ஒயரைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்தார். போலீஸ் வரும்வரை அம்மாசி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான்.

"ஒயரு தப்புதான்" என்றார் ஜோஸ்லின். "நீங்க பண்ணுனதும் தப்பு. ரெண்டையும் நான் சொல்லுவனுங்க. ஒண்ணுக்காக ஒண்ணை மறைக்க மாட்டேன்."

பதினொரு நாள் சேலம் ஜெயிலில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தான். வந்த மூன்றாம் நாள் மதியம், கடையைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தபோது கிறிஸ்டோவின் ஜீப் டிரைவர் சிவக்குமார் இரண்டு பேரோடு வந்து இறங்கினான். இந்தச் சிவக்குமாரும் முன்னொரு காலத்தில் அம்மாசியிடம் அறை வாங்கினவன்தான். ஜாக்கி லீவரால் கடைத் தகரத்தைப் பிளந்தார்கள். பேட்டரிகளைத் தூக்கி ரோட்டில் போட்டு உடைத்தார்கள். ஆசிட் ஓடி, டீக்கடை நாய் ஊளையிட்டுக்கொண்டு ஓடியது. அம்மாசி ஒருவனுடைய மூக்கை உடைத்தான். இன்னொருவனைக் கழுத்தைப் பிடித்துச் சுவரில் அழுத்தினான். பின்னாலிருந்து விழுந்த அடியில் கீழே போனான். அவனுடைய வலது கையை வாசல் கல்லின் மேல் வைத்து, சிவக்குமார் லீவரை இறக்கினான். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முறிந்தன.

"இனி யாரு கன்னத்துல வைப்பீன்னு பாக்கறேன்" என்றான் சிவக்குமார்.

பஜார் முழுக்கப் பார்த்துக்கொண்டுதான் நின்றது. ஒருவரும் தடுக்க வரவில்லை. அதில் பாதிப் பேருக்கு உள்ளுக்குள் சந்தோஷம் என்று அம்மாசிக்குத் தெரியும். தரையில் கிடந்தபடி அந்த முகங்களைப் பார்த்தான். எல்லாமே அவன் அறைந்த முகங்கள்.

கட்டுப் போட்ட கையோடு வீட்டில் கிடந்தவனைப் பார்க்க ஜோஸ்லின் வந்தார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

"மீதி ஒயரிங் கெடக்குது. பாதியில வேற ஆளை விட்டா எது எங்க போகுதுன்னு தெரியாம எங்கயாச்சும் கட்டி வெப்பான். நீங்க வந்து முடிச்சுக் குடுக்கோணும்."

"இந்தக் கையை வெச்சுக்கிட்டுங்களா?" என்று கட்டைத் தூக்கிக் காட்டினான்.

வாசலில் நின்ற சென்னம்மாள் உள்ளே வந்தாள். "கை நான் தாரனுங்க. அவரு வாயில சொல்லட்டும்."

கிறிஸ்டோ என்ன சொன்னான் என்று அம்மாசி கேட்கவில்லை. பிறகு தெரிந்தது. பல்லோடு பல்லைக் கம்பி போட்டுக் கட்டியிருந்ததால் அவனால் பேச முடியவில்லை, ஒரு தாளில், "ஒயரை முடிக்கட்டும். கேஸ் கேஸ்தான்" என்று எழுதி அக்காவிடம் கொடுத்திருந்தான்.

அப்படித்தான் அடுத்த மூன்று வாரம் போனது. சென்னம்மாள் விமானத்துக்குள் படுத்துக்கொண்டு, காபிப் பழம் பறித்துப் பழகிய விரல்களால் ஒயர் முனையைச் சீவினாள், லக் வைத்து அழுத்தினாள், இழுத்துப் பார்த்தாள். அம்மாசி வெளியே நின்று சொன்னான். சொன்னது சரியாக வராவிட்டால் கத்தினான்.

"கத்துனா எறங்கிப் போயிருவேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. ஷெட் வாசலில் கிறிஸ்டோ நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு குழலால் கஞ்சியை உறிஞ்சியபடி இருவரையும் பார்த்துக்கொண்டேயிருப்பான். அந்தப் பார்வையைச் சந்திக்க அம்மாசியால் முடியவில்லை.

ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது. ஷெட்டில் கணவனும் மனைவியும் மட்டும்தான். சென்னம்மாள் குழாய்க்கு மேலே ஒரு கிளாம்ப்பை முடுக்கிக்கொண்டே கேட்டாள்: "ஒரு ஒயருக்காக ஒரு மனுசன் தாடையை ஒடப்பாங்களா? எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கலீங்க."

இருபத்து மூன்று வருடம் அவன் வாயில் வராதது அப்போது வந்தது. மஞ்சள் விளக்கு, பெட்ரோல் குழாய், அரை மணி நேர வேலை, ஒன்பது நாள். அண்ணனின் தோல் தன் கையோடு வந்தது. சொல்லி முடித்தபோது அவன் அழவில்லை. அவளுடைய கை ஸ்குரூ டிரைவரை விட்டுவிட்டிருந்தது.

"கட்டுனது நீங்களா?"

"நாந்தான்."

"அப்பறம் ஏனுங்க ஊரையெல்லாம் அடிச்சீங்க?" என்றாள். "என்னைய ஏனுங்க அடிச்சீங்க? நான் எந்த ஒயரைக் கட்டுனேன்?" முகத்தைத் துடைத்துக்கொண்டு ஸ்குரூ டிரைவரை மறுபடி எடுத்தாள்.

அரசாங்க அனுமதியெல்லாம் வர அடுத்த வருடம் பிப்ரவரி ஆகிவிட்டது. இறக்கையைத் தனியாகக் கழற்றி லாரியில் ஏற்றி, தர்மபுரிப் பக்கம் ஒரு தனியார் ஓடுபாதைக்குக் கொண்டுபோனார்கள். மறுபடி மாட்டும்போது ஒயர் இணைப்பைச் சரிபார்க்க அம்மாசியும் போனான். விரல்கள் கூடியிருந்தன, முழுதாக மடங்காது. கிறிஸ்டோவும் அவனும் ஒரே ஷெட்டில் இரண்டு நாள் இருந்தார்கள். ஒருவரோடொருவர் பேசவில்லை.

கிறிஸ்டோ தனியாகத்தான் ஏறினான். விமானம் கிளம்பி மேலே போனதும் ஜோஸ்லின் வாயைப் பொத்திக்கொண்டார். இரண்டு சுற்று சுற்றி இறங்கி, மறுபடி ஏறினான். மூன்றாம் தடவை இறங்கும்போது பக்கவாட்டில் காற்று அடித்தது. ஒரு இறக்கை தாழ்ந்தது. சக்கரம் பாதையை விட்டு மண்ணில் புதைந்தது. மூக்கு குத்தி, வால் எழும்பி, விமானம் அப்படியே தலைகீழாகக் கவிழ்ந்தது. தகடு கிழியும் சத்தம். பிறகு எஞ்சின் நின்ற அமைதி.

அம்மாசிதான் முதலில் ஓடினான். இருபது அடி தூரத்தில் பெட்ரோல் வாடை முகத்தில் அடித்தது. கால் நின்றுவிட்டது. ஒரு அடிகூட எடுத்துவைக்க முடியவில்லை. தழும்புத் தோலுக்கடியில் எரிச்சல் எடுத்தது. உள்ளே கிறிஸ்டோ தலைகீழாகப் பெல்ட்டில் தொங்கியபடி அலறிக்கொண்டிருந்தான். பின்னால் ஓடிவந்த ஜோஸ்லின், "மெயின்! மெயினை அணை!" என்று தம்பியைப் பார்த்துக் கத்தினார். அவனுடைய ஒரு கை நசுங்கிய தகட்டுக்கடியில் இருந்தது. இன்னொரு கை காற்றில் துழாவியது.

அப்போதுதான் அம்மாசிக்கு உறைத்தது. வண்டி கவிழ்ந்து கிடக்கிறது. குழாய்க்கு மேலே வைத்த ஒயரெல்லாம் இப்போது குழாய்க்குக் கீழே. நசுங்கிய டேங்க் தரையை நனைத்துக்கொண்டிருந்தது, குழாயில் நின்ற பெட்ரோல் உடைந்த மூட்டிலிருந்து அந்தக் கட்டின் மேல்தான் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு இடத்தில் தோல் உரிந்திருந்தால் போதும்.

எப்படிப் போனான் என்று தெரியவில்லை. உடைந்த ஜன்னலில் நெஞ்சு வரை உள்ளே இருந்தான். பிளாஸ்டிக் கண்ணாடி தோளைக் கிழித்தது. முகத்தில் பெட்ரோல் வழிந்து கண் எரிந்தது. மெயின் ஸ்விட்சைக் கீழே தட்டினால் அணையும். இப்போது எல்லாம் தலைகீழ். வளையாத விரலால் மேலே தட்டினான். பின்னால் ரிலே விழும் 'டக்' என்ற சத்தம் கேட்டது. ஒரு சாண் ஒயரைத் தவிர மற்றதெல்லாம் செத்துவிட்டது. அப்போதுதான் மூச்சு விட்டான்.

ஒயர் சீவும் கத்தியால் பெல்ட்டை அறுத்ததும் கிறிஸ்டோ அவன் மேலேயே விழுந்தான். தொடை எலும்பு முறிந்து சதையைத் துளைத்துக்கொண்டு வந்திருந்தது. அம்மாசி அக்குளில் கையைக் கொடுத்து இழுத்தான். ஆள் வரவில்லை. கால் ஓட்டும் கோலுக்கும் தகட்டுக்கும் நடுவில் மாட்டியிருந்தது. "இழுக்காதே, இழுக்காதே" என்று கிறிஸ்டோ அலறினான். அம்மாசி விடவில்லை. தகட்டைக் காலால் மிதித்து வளைத்துக்கொண்டு மறுபடி இழுத்தான். ஏதோ கிழிந்தது. ஆள் வந்தது. ஜோஸ்லினும் அவனுமாக மண்ணில் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார்கள். கிறிஸ்டோ வழியெல்லாம் அலறி, பாதியில் மயங்கினான்.

விமானம் பற்றிக்கொள்ளவில்லை. மூன்று பேரும் பெட்ரோலில் நனைந்து ஆவாரம் புதரோரம் கிடந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பற்றிக்கொள்ளவேயில்லை. பெட்ரோல் சொட்டி முடிந்து, மண் அதைக் குடித்துவிட்டது. அம்மாசி வாந்தியெடுத்தான்.

பிறகு ஜோஸ்லின் அந்தக் கட்டைக் கழற்றி, கையளவு கையளவாகப் பார்த்தார். அதில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. "மேல வெச்சது நம்மளைக் காப்பாத்தலீங்க" என்று அம்மாசியிடம் போனில் சொன்னார். "ஒரசாம வெச்சதுதான் காப்பாத்துச்சு. அது உங்க ஊட்டம்மா கை."

ஜூன் மாதம் சேலம் கோர்ட்டில் வழக்கு வந்தது. சமாதானமாகப் போய்விடலாம் என்று இரண்டு வக்கீல்களும் சொன்னார்கள். கிறிஸ்டோ ஊன்றுகோலோடு கூண்டில் ஏறினான்.

"என்னைய இழுத்து வெளிய போட்டது அம்மாசிதானுங்க. அதை நான் மறக்க மாட்டேன்" என்றான். தாடை சேர்ந்த பிறகும் அவனுடைய பேச்சு ஒரு பக்கமாகத்தான் வந்தது. "ஆனா கீழ விழுந்ததுக்கு அப்பறமும் அவரு என்னைய உதைச்சாருங்க. அதையும் நான் மறக்க மாட்டேன். கேஸை வாபஸ் வாங்க மாட்டனுங்க."

ஜோஸ்லின் சொன்ன மாதிரியே இரண்டையும் சொன்னார். அம்மாசியிடம் கேட்டபோது, "அடிச்சனுங்க" என்றான். அவ்வளவுதான். மூன்று மாதம் தண்டனை. சிவக்குமார் மேல் இருந்த வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

ஜெயிலிலிருந்து வந்து கடைக்குப் புதுத் தகரம் போட்டான். வண்டிகள் வந்தன. டிரைவர்கள் பானெட்டைத் திறந்துவிட்டு ஒரு எட்டு தள்ளியே நின்றார்கள். எட்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை.

போன மே மாதம், மலர்க்கண்காட்சிக் கூட்டத்தில் ஒரு சுற்றுலா வேன் புகைந்துகொண்டு வந்து நின்றது. உள்ளே பதினாறு பேர், பாதி குழந்தைகள். விளக்கு ஒயர் டீசல் குழாயில் கட்டியிருந்தது. டிரைவர் சிரித்துக்கொண்டே, "அட விடுங்க, ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்றான். அம்மாசி அறைந்தான். டிரைவர் தடுமாறி வேனில் மோதினான். குழந்தைகள் வீறிட்டன. அம்மாசியின் கை மறுபடி உயர்ந்தது. உயர்ந்த கையை அவனே பார்த்தான். இறக்கினான்.

யாராவது சொல்வதற்கு முன் வீட்டுக்குப் போய் அவனே சென்னம்மாளிடம் சொன்னான்.

"எத்தன அடிங்க?"

"ஒண்ணு."

"ரெண்டாவது ஏன் அடிக்கல?"

அவன் யோசித்துப் பார்த்தான். "தெரியல" என்றான்.

அவள் சோறு போட்டாள். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு, துணிப்பையை எடுத்து இரண்டு சேலையை மடித்து வைத்தாள்.

"ஒண்ணும் அடிதானுங்க" என்றாள். மாரமங்கலம் பஸ் நாலரைக்கு. அவன் பஸ் ஸ்டாண்ட் வரை பையைத் தூக்கிக்கொண்டு போனான். பஸ் கிளம்பும்போது எத்தனை நாள் என்று அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலை முதல் பஸ்ஸில் அவள் வந்து இறங்கினாள்.